கெட்ட டிஸ்க் எது? செஃப் கிளஸ்டரில் டிஸ்கைக் கண்டுபிடிக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

பல சர்வர்களின் டிஸ்குகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் மென்பொருள் செஃப். ஓ.எஸ்.டி. 37, அதாவது ஒரு டிஸ்கைக் கவனிக்கும் அதன் நிரல், விழுந்துவிட்டது என்று அது சொல்கிறது. டேட்டா சென்டரில் ரேக்குக்கு முன்னால் நிற்கிறீர்கள். 16 சர்வர், ஒவ்வொன்றிலும் 12 டிஸ்க், மொத்தம் 192. எல்லாம் ஒரே மாதிரியான கறுப்பு ட்ரே. 37 என்று எதன் மேலும் எழுதியிருக்காது. அந்த எண் ஓ.எஸ்.டி.யை உருவாக்கியபோது காலியாக இருந்த சிறிய எண், அவ்வளவுதான். எந்தச் சர்வர், எந்த ஸ்லாட் என்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த 37-லிருந்து கையில் பிடிக்கும் டிஸ்க் வரை போய்ச் சேர பல வழிகள் உண்டு. எதை நம்புவது, எதைத் துணைக்கு வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று கிளஸ்டர் கட்டும்போதே முடிவு செய்துவிட வேண்டும். டிஸ்க் செத்த பிறகு யோசித்தால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே இருப்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். "இது யார்?" என்பது ஒன்று. "எங்கே உட்கார்ந்திருக்கிறது?" என்பது மற்றொன்று. சீரியல் எண் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும், இரண்டாவதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஸ்லாட் எண் இதற்கு நேர்மாறு. நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரு கேள்விக்கான பதிலை மற்றொன்றுக்குப் பயன்படுத்தியதால் வந்தவை.

தவறான டிஸ்கை உருவினால் என்ன ஆகும்?

இதைப் புரிந்துகொண்டால் எங்கே அதிகக் கவனம் தேவை என்பது தானாகத் தெரியும். செஃப் வழக்கமாக ஒரு தரவை மூன்று பிரதிகளாக, மூன்று வெவ்வேறு சர்வர்களில் வைக்கும். ஒரே சர்வரில் இரண்டு பிரதி இருக்காது. அதனால் கெட்ட டிஸ்க் இருக்கும் அதே சர்வரில் பக்கத்து ஸ்லாட்டைத் தவறுதலாக உருவினால்கூட, மற்ற இரண்டு சர்வர்களில் பிரதிகள் இருக்கும். வேலை நிற்காது. ஆனால் வேறொரு சர்வரின் டிஸ்கை உருவினால், சில பிளேஸ்மென்ட் குரூப்களுக்கு (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் தொகுதிகள்) ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சும். குறைந்தது 2 பிரதி வேண்டும் என்பது வழக்கமான அமைப்பு. ஆகவே அந்தக் குரூப்களில் எழுதுவதும் படிப்பதும் அப்படியே நின்றுவிடும். 4 துண்டு தரவு, 2 துண்டு பாரிட்டி (இழந்த துண்டை மீட்க உதவும் கூடுதல் துண்டு) என்று இரேஷர் கோடிங் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். அங்கே வழக்கமாகக் குறைந்தது 5 துண்டு வேண்டும். ஒன்று செத்து, மற்றொன்றை நாம் உருவிவிட்டால் 4 தான் மிஞ்சும்.

அதாவது ஸ்லாட் தவறுவதைவிடச் சர்வர் தவறுவது பல மடங்கு ஆபத்து. இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், "எஸ்.டி.எஃப். டிஸ்கை மாற்றவும்" என்று மெயில் வந்தது. எஃப் ஆறாவது எழுத்து என்பதால் இடப்பக்கத்திலிருந்து ஆறாவதை எண்ணி உருவினேன். அந்தச் சர்வர் முந்தைய இரவு ரீபூட் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. நல்ல டிஸ்கை உருவியிருந்தேன். திரையில் இன்னொரு ஓ.எஸ்.டி. விழுந்ததும் உடம்பு சில்லிட்டுப் போனது. ஆனால் கிளஸ்டர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. இரண்டும் ஒரே சர்வரில் இருந்ததுதான் காப்பாற்றியது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் படி சர்வரை உறுதி செய்வது. செஃப் ஓ.எஸ்.டி. ஃபைண்ட் 37 என்று கேட்டால் சர்வரின் பெயர் வரும். அப்புறம் சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ஐ.பி.எம்.ஐ.டூல் மூலம் அந்தச் சர்வரின் அடையாள விளக்கை எரியவிடலாம். நேரம் எதுவும் சொல்லாவிட்டால் அது 15 விநாடியில் அணைந்துவிடும், நீங்கள் ரேக்குக்கு நடந்து போவதற்குள் இருட்டாகியிருக்கும். அதிகபட்சமான 255 விநாடி என்று சொல்லிவிட்டு நடங்கள், அல்லது தொடர்ந்து எரியும்படி வையுங்கள்.

கெர்னல் தரும் பெயர்

எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்பவை கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, டிஸ்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் தரும் பெயர்கள். அடுத்த பூட்டில் வரிசை மாறலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பி வந்தால், பழைய பெயரை இன்னொன்று பிடித்துவைத்திருப்பதால், எஸ்.டி.எஃப். ஆக இருந்தது எஸ்.டி.என். ஆகத் திரும்பி வரும். கன்ட்ரோலர் கார்டு இரண்டு இருந்தால் எது முதலில் எழுந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. இதில் ஒப்பிட எதுவும் இல்லை. திரையில் அந்த நிமிடம் கட்டளை அடிக்க மட்டும் இந்தப் பெயர் போதும். மெயிலிலோ டிக்கெட்டிலோ குறிப்பேட்டிலோ எழுதக் கூடாது.

செஃப் தானே இந்தப் பெயரை நம்புவதில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அதன் செஃப்-வால்யூம் கருவி ஒவ்வொரு ஓ.எஸ்.டி.யின் எண்ணையும் அடையாளத்தையும் எல்.வி.எம். (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் ஏற்பாடு) டேக்குகளாக டிஸ்கின் மேலேயே எழுதிவைக்கிறது. டிஸ்கைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் போட்டாலும் அதே ஓ.எஸ்.டி.யாக எழுந்திருப்பது அதனால்தான். மென்பொருள் செய்ததை மனிதர்களும் செய்தால் போதும்.

பாதையை வைத்துச் சொல்லும் பெயர்

லினக்ஸில் பை-பாத் என்று ஒரு கோப்புறை இருக்கிறது. எந்த பி.சி.ஐ. கார்டு, அதில் எந்த ஃபை, அதாவது எந்த இணைப்பு வழியாக டிஸ்க் தெரிகிறது என்பதை அதிலுள்ள பெயர் சொல்லும். இது "எங்கே?" என்ற கேள்விக்குக் கெர்னல் தரும் பதில். டிஸ்கை மாற்றினாலும் ஸ்லாட்டின் பெயர் மாறாது என்பது பெரிய வசதி. இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துபவர்கள் வீ-டெவ்-ஐடி கோப்பு எழுதி, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தாங்களே பெயர் வைத்துக்கொள்வது இந்த அடிப்படையில்தான்.

குறை என்னவென்றால், ஃபை 4 என்பது நாலாவது ஸ்லாட்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேபிள் எப்படி மாட்டியிருக்கிறதோ அப்படி. ஒருமுறை உட்கார்ந்து ஸ்லாட் ஸ்லாட்டாக வரைபடம் போட வேண்டும். சர்வீஸுக்கு வந்தவர் இரண்டு கேபிளை இடம் மாற்றி மாட்டிவிட்டால் அந்த வரைபடம் சத்தமில்லாமல் பொய்யாகிவிடும். இசட்.எஃப்.எஸ். வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. செஃப் கிளஸ்டருக்கு இதை முதன்மை வழியாக நான் வைக்கமாட்டேன்.

சீரியல் எண்ணும் டபிள்யூ.டபிள்யூ.என்.னும்

"யார்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. தொழிற்சாலையில் பதித்தது, எந்தச் சர்வருக்குப் போனாலும் மாறாது, ஸ்டிக்கரிலும் அச்சாகியிருக்கும். டபிள்யூ.டபிள்யூ.என். என்பது ஒவ்வொரு டிஸ்குக்கும் தனித்த 16 இலக்க ஹெக்ஸ் எண், அதனால் நடுவில் எழுத்துகளும் வரும். 5 என்று தொடங்கும், அடுத்த ஆறு இலக்கம் தயாரிப்பாளரைக் குறிக்கும். கொஞ்சநாள் பழகினால் 5000சி500 என்றதும் சீகேட், 50014ஈஈ என்றதும் வெஸ்டர்ன் டிஜிட்டல், 5000039 என்றதும் தோஷிபா என்று கண் சொல்லிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எஸ்.ஏ.எஸ். எனும் சர்வர் வகை டிஸ்குக்கு இரண்டு போர்ட். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி முகவரி, டிஸ்குக்கு மொத்தமாக இன்னொன்று. பெரும்பாலும் கடைசி இலக்கத்தில் மட்டும்தான் வித்தியாசம் இருக்கும். கன்ட்ரோலர் காட்டும் போர்ட் முகவரியும் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்பி, வேறு டிஸ்க் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஓர் இணைப்பைப் பல டிஸ்குகளுக்குப் பிரித்துத் தரும் எஸ்.ஏ.எஸ். எக்ஸ்பாண்டருக்குப் பின்னால் எளிய வகையான சாட்டா டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். அங்கே தெரியும் முகவரி எக்ஸ்பாண்டர் கொடுத்தது, டிஸ்கினுடையதே அல்ல. அதனால் குறிப்பேட்டில் சீரியல் எண்ணை முதன்மையாக வையுங்கள். டபிள்யூ.டபிள்யூ.என். துணைக்கு இருக்கட்டும்.

சீரியல் எண்ணுக்கு இரண்டு பலவீனம். ஒன்று, செத்துப்போன டிஸ்க் தன் பெயரைச் சொல்லாது. டிஸ்கின் நிலையைக் கேட்கும் ஸ்மார்ட்-கன்ட்ரோல் கருவியில் கேட்டால் பதிலே வராது. உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்திருக்க வேண்டும். செஃப் இதில் நமக்கு உதவுகிறது. ஓ.எஸ்.டி. விழுந்த பிறகும் அதன் மெட்டாடேட்டாவைச் செஃப்பின் மானிட்டர்கள் (கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் நிரல்கள்) வைத்திருக்கும். செஃப் ஓ.எஸ்.டி. மெட்டாடேட்டா 37 என்று கேட்டால், தயாரிப்பாளர், மாடல், சீரியல் மூன்றும் சேர்ந்த அடையாளம் கிடைக்கும். செஃப் டிவைஸ் எல்.எஸ். கட்டளை மொத்தப் பட்டியலையும் தரும்.

இரண்டாவது பலவீனம் வெறும் கண்ணால் பார்க்கக்கூடியது. ஸ்டிக்கர் டிஸ்கின் அகலமான முகத்தில் இருக்கிறது. நமக்குத் தெரிவது ட்ரேயின் முன்பக்கம் மட்டும். உருவிய பிறகுதான் சீரியலைப் படிக்க முடியும், அதாவது தவறு நடந்த பிறகு. இதற்கு மருந்து, சீரியலின் கடைசி ஆறு எழுத்தைச் சின்ன லேபிளில் அடித்து ட்ரேயின் முன்னால் ஒட்டுவது. காற்று போகும் ஓட்டைகளை மறைக்காமல் ஒட்ட வேண்டும். லேபிள் ஒட்டுவது அற்பமான வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. இந்த ஒப்பீட்டில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரே ஓர் ஒழுங்கு வேண்டும்: டிஸ்க் மாறும்போது லேபிளும் மாற வேண்டும். பழைய லேபிள் ஒட்டிய ட்ரேயில் புது டிஸ்க் உட்கார்ந்திருப்பது, லேபிளே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

ரெய்டு கன்ட்ரோலரை ரெய்டு முறையிலேயே விட்டிருந்தால் லினக்ஸுக்கு உண்மையான டிஸ்கே தெரியாது, கன்ட்ரோலர் கட்டிய மெய்நிகர் டிஸ்க்தான் தெரியும். சீரியலை எடுக்க ஸ்டோர்-சி.எல்.ஐ. போன்ற கன்ட்ரோலரின் சொந்தக் கருவி வேண்டும். செஃப்புக்கு, டிஸ்குகளை அப்படியே லினக்ஸுக்குக் காட்டும் எச்.பி.ஏ. முறையே நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளக்கை எரியவிடுவது

"எங்கே?" என்பதற்கு மனிதக் கண்ணுக்கு ஏற்ற பதில் இது. ஸ்லாட்டின் அடையாள விளக்கை எரியவிட்டு, ரேக்குக்குப் போய் எரிவதைப் பார்த்து உருவுவது. பின்னால் வேலை செய்வது பெரும்பாலும் இரண்டு ஏற்பாடுகளில் ஒன்று: எஸ்.இ.எஸ். எனப்படும் என்குளோஷர் (டிஸ்க் பெட்டி) சேவை, அல்லது எளிய பேக்பிளேன்களில் (டிஸ்குகள் செருகும் பலகை) எஸ்.ஜி.பி.ஐ.ஓ. என்ற சிக்னல் இணைப்பு. அடையாளம் காட்ட நொடிக்கு நாலு முறை வேகமாகச் சிமிட்டுவது, பழுதுக்கு விடாமல் எரிவது, ரீபில்டுக்கு நொடிக்கு ஒருமுறை சிமிட்டுவது என்று ஐ.பி.பி.ஐ. தரநிலை வகுத்திருக்கிறது.

கருவிகளில் இரண்டைப் பழகிக்கொள்ளலாம். லெட்-கன்ட்ரோல் எளிமையானது. டிஸ்கின் பெயரைக் கொடுத்தால் விளக்கு எரியும். ஆனால் அந்தப் பெயர் கெர்னலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க் முழுவதுமாகச் செத்துக் கெர்னலிலிருந்தே மறைந்துவிட்டால் எந்தப் பெயரைக் கொடுப்பது? அங்கே கைகொடுப்பது எஸ்.ஜி.-செஸ். அது டிஸ்கைக் கேட்காது, ஸ்லாட் எண்ணைக் கேட்கும். காலி ஸ்லாட்டின் விளக்கையும் அதனால் எரியவிட முடியும். லினக்ஸின் சிஸ் கோப்புறையில் என்குளோஷர் பகுதிக்குள் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் லொகேட் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் 1 என்று எழுதினாலும் இதே வேலை நடக்கும். ஒரு கவனம்: எஸ்.ஜி.-செஸ்ஸின் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். சேஸியில் அச்சிட்ட எண் சில தயாரிப்புகளில் 1-இல் தொடங்கும். ஒன்று தள்ளிப்போனால் எரிவது பக்கத்து வீட்டு விளக்கு.

கன்ட்ரோலர், எக்ஸ்பாண்டர், பேக்பிளேன் மூன்றும் ஒத்துழைத்தால்தான் இதெல்லாம் நடக்கும். சில மலிவான சேஸிகளில் விளக்குக்கான பக்கவாட்டுக் கேபிளே மாட்டியிருக்காது. கட்டளை வெற்றி என்று சொல்லும், விளக்கு எரியாது. நேராக பி.சி.ஐ.இ.யில் இணையும் என்.வி.எம்.இ. டிரைவ்களில் இது இன்னும் சீராக இல்லை. சர்வர் இன்டலின் வி.எம்.டி. வழியில் போகிறதா, பி.சி.ஐ.இ.யின் என்.பி.இ.எம். வழியில் போகிறதா, எதுவுமே இல்லையா என்பது மாடலுக்கு மாடல் மாறும். சர்வர் வந்து இறங்கிய முதல் நாளே, தரவு ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு ஸ்லாட்டாக விளக்கைப் போட்டு ஒருவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். 12 ஸ்லாட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தைத் தவறாமல் கொடுங்கள்.

விளக்கே இல்லாதவர்கள் கையாளும் பழைய உத்தி ஒன்று உண்டு: டி.டி. கட்டளையால் டிஸ்கை விடாமல் படிக்கவைத்து, எந்த ஸ்லாட்டின் செயல்பாட்டு விளக்கு பரபரக்கிறது என்று பார்ப்பது. செத்த டிஸ்க் என்றால் மற்ற எல்லாவற்றையும் படிக்கவைத்து, இருட்டாக இருப்பதைத் தேடுவது. வீட்டு சர்வருக்கு இது போதும். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் எல்லா விளக்கும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும், எதையும் பிரித்தறிய முடியாது. தவிர, அந்தக் கட்டளையில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் மாற்றி அடித்துவிட்டால் படிப்பதற்குப் பதில் டிஸ்கின் மேல் எழுதிவிடும். களைப்பான இரவுகளில் நடக்கக்கூடிய தவறு இது. எனக்கு இந்த வழி பிடிக்காது.

செஃப்பும் பி.எம்.சி.யும் தாமே செய்பவை

2019-இல் வந்த நாட்டிலஸ் பதிப்பிலிருந்து செஃப்பிலேயே டிவைஸ் லைட் கட்டளை இருக்கிறது. டிஸ்கின் அடையாளத்தைக் கொடுத்து அடையாள விளக்கையோ பழுது விளக்கையோ எரியவிடலாம். எந்தச் சர்வர் என்று நாம் தேட வேண்டியதே இல்லை, அது தானே அங்கே போய் எல்.எஸ்.எம்.-சி.எல்.ஐ. கருவியை இயக்கும். எந்தெந்த விளக்குகள் எரிகின்றன என்ற பட்டியலும் வைத்திருக்கும். சீரியல் எண்ணிலிருந்து நேராக விளக்குக்குப் போகிறது, நடுவில் எஸ்.டி.எஃப். போன்ற பெயரை மனிதர் கையால் மாற்றி எழுதும் இடமே இல்லை. இதன் பெரிய பலம் இதுதான். உங்கள் ஹார்டுவேர் இதற்கு ஒத்துழைத்தால் இதையே முதன்மை வழியாக வையுங்கள். அடியில் இருப்பது அதே பேக்பிளேன்தான் என்பதால் முதல் நாள் சோதனை இதற்கும் வேண்டும்.

டெல்லின் ஐ-டிராக், எச்.பி.இ.யின் ஐ.எல்.ஓ. போன்ற பி.எம்.சி.கள் (சர்வருக்குள் தனியாக இயங்கும் நிர்வாகச் சிப்கள்) ஸ்லாட், சீரியல், விளக்கு மூன்றையும் ஒரே பக்கத்தில் காட்டும். லினக்ஸ் எழுந்திருக்காவிட்டாலும் இவை வேலை செய்யும், அது பெரிய ஆறுதல். ரெட்ஃபிஷ் தரநிலை வழியாக ஸ்கிரிப்ட் எழுதியும் கேட்கலாம். எல்லா சர்வரும் ஒரே கம்பெனி என்றால் இது வலுவான தேர்வு. மூன்று கம்பெனி கலந்திருந்தால் மூன்று விதமாகப் பழக வேண்டியிருக்கும்.

பதிவேடு

எக்செல் ஷீட்டா, நெட்பாக்ஸ் போன்ற பதிவு மென்பொருளா என்ற கேள்வி அடிக்கடி வரும். என்னைக் கேட்டால் கருவி முக்கியமில்லை, அதை யார் நிரப்புகிறார் என்பதே முக்கியம். கையால் நிரப்பும் பதிவேடு மூன்றாவது டிஸ்க் மாற்றத்திலேயே பின்தங்கிவிடும். ஒவ்வொரு இரவும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லா சர்வரிலும் ஓடி, சர்வர், ஸ்லாட், சீரியல், ஓ.எஸ்.டி. எண் நான்கையும் ஒரு கோப்பில் எழுதட்டும், நேற்றைய கோப்பும் இருக்கட்டும். இன்று செத்த டிஸ்க் நேற்று எந்த ஸ்லாட்டில் இருந்தது என்பது அதில் இருக்கும். அந்தக் கோப்பை அதே கிளஸ்டரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். கிளஸ்டர் படுத்தால் பதிவேடும் சேர்ந்து படுத்துவிடும்.

இடத்தையே அடையாளமாக்கியவர்களும் இருக்கிறார்கள். மேகச் சேமிப்பு நிறுவனமான பேக்பிளேஸ் தன் வால்ட் அமைப்பில் 20 பாட்களை (டிஸ்க் நிறைந்த சர்வர்களை) சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் இருக்கும் டிஸ்குகளை ஒரு குழுவாக்கி, தொடக்கத்தில் 17 துண்டு தரவும் 3 துண்டு பாரிட்டியுமாகப் பிரித்து வைத்தது. அங்கே டிஸ்க் எந்தக் குழு என்பதை அதன் இடமே சொல்லிவிடும். செஃப்பில் தரவு, கிரஷ் என்ற அதன் சொந்தக் கணக்குப்படி பரவுவதால் நமக்கு அந்த வசதி இல்லை. பதிவேடு வேண்டியிருப்பது அதனால்தான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று முதல் ஐந்து சர்வர் வரை, நீங்களே போய் மாற்றுகிறீர்கள் என்றால் லேபிளும் இரவு ஸ்கிரிப்டும் போதும். விளக்கு எரிந்தால் நல்லது, எரியாவிட்டாலும் சமாளிக்கலாம். இதற்காகப் புது சேஸி வாங்க வேண்டாம்.

பத்துக்கு மேல் போனால் விளக்கு கட்டாயம். வாங்கும்போதே பேக்பிளேன் எஸ்.இ.எஸ். ஆதரிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செஃப் டிவைஸ் லைட் முதன்மை, எஸ்.ஜி.-செஸ் மாற்று வழி. 60, 102 டிஸ்க் கொள்ளும் மேலிருந்து திறக்கும் பெட்டிகளில் விளக்கு இல்லாமல் இறங்கவே கூடாது. திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் காற்றோட்டம் கெட்டு மற்ற டிஸ்குகள் சூடாகும், நின்று நிதானமாகத் தேட அவகாசம் கிடையாது.

வேறு ஊர் டேட்டா சென்டரில், முகம் தெரியாத ஒருவர் உங்களுக்காக மாற்றுகிறார் என்றால் ஒரு வழியை மட்டும் நம்பாதீர்கள். ரேக்கும் சர்வர் பெயரும், ஸ்லாட் எண், சீரியலின் கடைசி ஆறு எழுத்து, "வேகமாகச் சிமிட்டும் விளக்கு" என்ற குறிப்பு, எல்லாமே டிக்கெட்டில் இருக்கட்டும். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கை வைக்காமல் போன் செய்யச் சொல்லுங்கள்.

உருவுவதற்கு முன் செஃப்பிடம் ஓகே-டு-ஸ்டாப் (நிறுத்தலாமா) என்று கேட்டு, ஓ.எஸ்.டி.யை நிறுத்துங்கள். டிஸ்கை வெளியே எடுத்ததும் உள்ளே சுழல்வது நிற்கும் வரை அசைக்காமல் பிடித்திருந்து, ஸ்டிக்கரைப் படித்து, டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். வேறு ஓ.எஸ்.டி. விழுந்தால் திரை உடனே சொல்லும், அப்போதே திருப்பிப் போட்டுவிடலாம். சரியானதுதான் என்றால் புது டிஸ்கின் ஆறு எழுத்தை லேபிளில் அடித்து ட்ரேயில் ஒட்டி, உள்ளே தள்ளி, விளக்கை அணைத்துவிட்டு, ஸ்கிரிப்டை இரவு வரை காத்திருக்காமல் ஒருமுறை கையால் ஓட்டிவிடுங்கள்.